ஆளா, புள்ளியா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் விடுதியில் பெரும் போர் ஒன்று நடந்தது. அஞ்ச வேண்டாம், உணவுக்கூடத்துச் சாம்பாரை முன்னிட்டு நடந்த போரன்று. இரண்டாம் உலகப் போர்! போர்க்களம், மூன்றாம் மாடியில் ஓர் அறை. படைத்தலைவர்கள், தமிழர் மூவர், பஞ்சாபியர் ஒருவர், வங்காளி ஒருவர். ஆயுதங்கள், ஐந்து மடிக்கணினிகளும் ஒரு கெட்டில் தேநீரும். விடியற்காலை மூன்று மணிக்குப் போர் ஓய்ந்தது. ஆனால் அதன்பின் தொடங்கிய வாக்குவாதம் இன்றுவரை ஓயவில்லை. ஆடியவர்கள் ஐவர், அபிப்பிராயங்களோ பத்துக்குக் குறையவில்லை.

‘பழைய ஆட்டமே ஆட்டம், புதியது பொம்மைக் கடை மாதிரி பளபளக்கிறது’ என்றார் ஒருவர். ‘ஜெர்மானிய டாங்கிக்கு இவ்வளவு வலு கொடுத்தால் எதிராளி என்ன செய்வான்?’ என்றார் இன்னொருவர். ‘இயந்திரத் துப்பாக்கியின் ஓசை இருக்கிறதே, அதற்கே காசு கொடுக்கலாம்’ என்றார் மூன்றாமவர். இத்தகைய கருத்துகளைக் கேட்டுக் கேட்டு, ஏன், நானே எழுதி எழுதி, எனக்குள் ஓர் ஐயம் வளர்ந்துவிட்டது. அதை நம் இதழின் வாசகர்முன் வைக்கவே இக்கட்டுரை. இவ்வகை ஆட்டங்களை ஆடி அறியாதவர்களும் தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். விஷயம் விளையாட்டைப் பற்றியது மட்டுமன்று.

முதலில் ஆட்டம் இன்னதென்று சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் ‘கம்பெனி ஆஃப் ஹீரோஸ்’. கனடா நாட்டு வான்கூவர் நகரிலுள்ள ரெலிக் என்ற நிறுவனம் உருவாக்கியது. முதல் ஆட்டம் 2006இல் வந்தது, இரண்டாவது 2013இல், மூன்றாவது 2023 பிப்ரவரியில். சதுரங்கத்தில் நாம் காய் நகர்த்தினால் எதிராளி காத்திருப்பார். பிறகு அவர் நகர்த்துவார், நாம் காத்திருப்போம். இதில் யாரும் யாருக்கும் காத்திருப்பதில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நாம் வடக்கே பார்த்துக் கொண்டிருக்கையில் தெற்கே நம் படை அழிந்து கொண்டிருக்கும். 

இந்த ஆட்டத்துக்கு முன்பு வந்த போர் ஆட்டங்கள் பலவற்றில் படைவீரர் எறும்புக் கூட்டம் போல் ஓடி மோதுவர். இதில் அப்படியன்று. ஒரு குழுவைக் கல்சுவருக்குப் பின்னால் நிறுத்தினால் குண்டு அவ்வளவாகப் படாது. வெட்டவெளியில் நிறுத்தினால் செத்துவிழுவர். இயந்திரத் துப்பாக்கி முழங்கினால் வீரர் தரையோடு தரையாகக் கிடந்து ஊர்வர். நிலைமை கைமீறினால் ‘பின்வாங்கு’ என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் தலைதெறிக்கத் தலைமையகத்துக்கு ஓடிவருவர். அங்கே இறந்தவர்க்குப் பதிலாகப் புதியவர்களைச் சேர்த்துக் கொள்ளலாம். விலை, சில ஆள்பலப் புள்ளிகள். ஆள்பலம், தளவாடம், எரிபொருள் என மூன்று வகைச் செல்வம் ஆட்டக்காரர்க்கு உண்டு. நிலப்படத்தில் இடங்களைப் பிடிக்கப் பிடிக்க அவை பெருகும். முதல் ஆட்டத்துக்கு விமரிசகர்கள் தந்த சராசரி மதிப்பெண் நூற்றுக்கு 93 என்றால் அதன் சிறப்பை நான் மேலும் விளக்க வேண்டுவதில்லை. 

நிற்க. ஆட்டக்காரர்களின் கருத்துக்கு வருவோம். 

மூன்றாம் ஆட்டம் வெளியானபோது ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தனர். குறைகள் மலிந்திருந்தன, ஆடிய ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கும் வசதி தொடக்கத்தில் இல்லை, ஆனால் அலங்காரப் பொருள் விற்கும் கடையை மட்டும் சில வாரங்களுக்குள் ஆட்டத்தினுள்ளேயே திறந்துவிட்டார்கள். ‘வீட்டுக்குக் கூரை போடுமுன் வாசலில் உண்டியலா?’ என்று கேட்டனர் ஆட்டக்காரர்கள். நியாயமான கேள்வி. காசு கொடுத்தவன் கேட்கத்தான் செய்வான். நிறுவனமும் பலவற்றைப் பின்னர்த் திருத்தியது. இத்தகைய கருத்துகளை நான் குறை கூறவில்லை. ஆனால் இவையெல்லாம் சந்தையில் கத்தரிக்காயை அழுத்திப் பார்ப்பது போன்றவை. சரக்கு நல்லதா, சொத்தையா என்று பார்க்கிறோம். வரலாற்றையே சரக்காக விற்கும் கடையில் அது மட்டும் போதுமா என்பதே என் ஐயம். 

இக்கேள்வியை நமக்கு முன்னரே ஒரு நாட்டு ஆட்டக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். அக்கதை தெரிந்துகொள்ளத் தக்கது. 

2013 ஜூனில் இரண்டாம் ஆட்டம் வெளிவந்தது. களம் ரஷ்யப் போர்முனை. கதை, 1952இல் சைபீரியச் சிறையில் கிடக்கும் ஒரு சோவியத் அதிகாரி தம் போர்க்கால நினைவுகளைச் சொல்வதாக அமைந்தது. அந்த நினைவுகளில் பெரும்பகுதி, சோவியத் படை தன் மக்களுக்கே இழைத்த கொடுமைகள். பின்வாங்கும் வீரர்களை அவர்கள் படையினரே சுடுகிறார்கள். தம் ஊர் வீடுகளுக்குத் தாமே தீ வைக்கிறார்கள். கதையில் மட்டுமன்று, ஆட்டத்தின் விதியிலும் இது உண்டு. புதிதாக வீரர்களை வரவழைத்தால் சிறிது நேரத்துக்கு 227ஆம் ஆணை நடைமுறைக்கு வரும். அந்நேரத்தில் எந்தக் குழு பின்வாங்கினாலும் சுடப்படும். 

விமரிசகர்கள் இவ்வாட்டத்துக்கு 80 அளவில் மதிப்பெண் அளித்தனர். பொதுமக்கள் அளித்த மதிப்பெண்ணோ அதில் பாதியைக்கூட எட்டவில்லை. காரணம், ரஷ்யாவிலும் அண்டை நாடுகளிலும் எழுந்த கோபம். ‘எங்கள் பாட்டன்மாரைக் கொலைகாரர்களாகவும் கோழைகளாகவும் காட்டுகிறீர்கள்’ என்று ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டனர். விற்பனையை நிறுத்த வேண்டும் என்றனர். 2013 ஜூலை இறுதியில் ரஷ்யாவில் அதை விற்றுவந்த நிறுவனம் விற்பனையை நிறுத்தியும் விட்டது. 

இவர்கள் சொன்னது சரியா, தவறா? எங்கள் விடுதி அறையில் இதுபற்றி நடந்த விவாதத்தில் இருவர் ‘சரி’ என்றனர். இருவர் ‘தவறு’ என்றனர். நான் சான்றுகளைத் தேடிப் பார்த்தேன். 

227ஆம் ஆணை கற்பனையன்று. 1942 ஜூலை 28 அன்று ஸ்டாலின் பிறப்பித்த ஆணை. ‘ஓர் அடியும் பின்வாங்காதே’ என்பதே அதன் சாரம். பின்வாங்குவோரைத் தடுக்கத் தடுப்புப் படைகள் அமைந்ததும் உண்மை. தண்டனைப் படைகள் அமைந்ததும் உண்மை. ஆனால் சோவியத் உள்துறையின் பழைய ஆவணமே ஒரு கணக்குச் சொல்கிறது. 1942 ஆகஸ்டு 1 முதல் அக்டோபர் 15 வரை தடுப்புப் படைகள் மறித்துப் பிடித்தவர்கள் 1,40,755 பேர். அவர்களில் சுடப்பட்டவர்கள் 1,189 பேர். தத்தம் படைக்கோ தங்குமிடத்துக்கோ திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 1,31,094 பேர். 

ஆயிரத்து நூற்று எண்பத்தொன்பது உயிர் என்பது சிறிய எண்ணன்று. அதைக் காட்டாதே என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. தம் ஆட்சி செய்த கொடுமையை மறைப்பது பாட்டனுக்குச் செய்யும் மரியாதையாகாது. சுடப்பட்டவனும் யாரோ ஒருவருடைய பாட்டன் அன்றோ? ஆகவே ‘விற்காதே’ என்று கேட்டது தவறு என்பதே என் முடிவு. ஆனால் மறித்துப் பிடிக்கப்பட்ட நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாக நேர்ந்ததை, பின்வாங்கிய ஒவ்வொருவருக்கும் நேர்ந்தது போல் ஆட்டத்தின் விதியாகவே ஆக்கியது நேர்மையா? அந்தப் போரில் சோவியத் நாடு இழந்த உயிர்கள் சுமார் 2 கோடியே 70 லட்சம். மிகப் பெரும்பாலோர் பகைவர் கையாலும் பட்டினியாலும் மாண்டனர். அவ்வளவு பெரிய துயரத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்து அதையே முழுக் கதையாக்கினால், சொன்ன ஒவ்வொரு செய்தியும் உண்மையாயிருந்தும் மொத்தத்தில் பொய்யாகிவிடும். சோற்றுக்கு உப்பு வேண்டும்; உப்பே சோறாகுமா? 

ரஷ்ய ஆட்டக்காரர்களின் கோபத்தில் இருந்த நியாயம் இதுதான். ‘அளவு தவறிவிட்டது’ என்று அவர்கள் சான்றோடு சொல்லியிருந்தால் உலகம் காதுகொடுத்திருக்கும். ‘தடை செய்’ என்று கூவியதால், அவர்கள் சொன்ன நியாயமும் கூச்சலில் மூழ்கிற்று. 

இதுவரை பிறர் கதை. இனி நம் கதைக்கு வருகிறேன். 

மூன்றாம் ஆட்டத்தின் களம் இத்தாலியும் வட ஆப்பிரிக்காவும். இவ்விரண்டு இடங்களிலும் இந்தியப் படைகள் போரிட்டன. இந்தியாவின் 4ஆம், 8ஆம், 10ஆம் டிவிஷன்கள் இத்தாலியில் இருந்தன. இத்தாலியப் போரில் வழங்கப்பட்ட 20 விக்டோரியா சிலுவைகளில் 6 இந்தியப் படையினர் பெற்றவை. அங்கே மாண்ட இந்திய வீரர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர். ஆட்டத்தை உருவாக்கியவர்கள் இதை முற்றிலும் மறந்துவிடவில்லை. பிரிட்டிஷ் அணியில் இந்தியப் பீரங்கிப் படை என்றொரு பிரிவு உண்டு. கூர்க்கா வீரர்களும் வருவர். அதைக் கண்டதும் எங்கள் அறையில் ஒரே ஆரவாரம். ‘நம் ஆட்கள் வந்துவிட்டார்கள்!’ என்று பஞ்சாபி நண்பர் நாற்காலியிலிருந்து துள்ளியெழுந்தார். நானும் கைதட்டினேன். 

கைதட்டிய அதே கையால் அடுத்து நாங்கள் என்ன செய்தோம்? வட ஆப்பிரிக்கக் கதையைத் திறந்தோம். அதில் ஆட்டக்காரர் நடத்துவது ஜெர்மானியத் தளபதி ரோம்மலின் படையை. 1942ஆம் ஆண்டுப் பாலைவனப் போர். டாங்கிகள் புழுதி கிளப்பிக்கொண்டு செல்லும் அழகே அழகு! எதிரே நிற்கும் படையைச் சிதறடித்தால் வெற்றி. எதிரே நின்றது யார் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. 

1942 மே 27 அன்று காலையில், பீர் ஹக்கீமுக்கு அருகே பாலைவனத்தில் இத்தாலிய டாங்கிகள் நசுக்கிச் சென்றது 3ஆம் இந்திய மோட்டார் பிரிகேடை. ஜூன் 21 அன்று தோப்ரூக் வீழ்ந்தபோது சிறைப்பட்ட 30,000க்கும் மேற்பட்டவர்களில் 11ஆம் இந்தியப் பிரிகேடும் இருந்தது. மூன்றாம் மாடி அறையில் அமர்ந்து ரோம்மலாக நடித்த நாங்கள் ஐவரும் மவுஸை அழுத்தி அழுத்திச் சுட்டது யாரையென்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். 

ஆட்டத்தை உருவாக்கியவர்களுக்கும் உறுத்தல் இருந்திருக்க வேண்டும். அதனால்தான் பணிகளுக்கு இடையே லிபியாவைச் சேர்ந்த ஒரு யூதக் குடும்பத்தின் கதையை வைத்திருக்கிறார்கள். நல்ல முயற்சி. அந்த ஆண்டில் லிபிய யூதர்கள் ஜியாதோ என்ற இடத்து முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நோயாலும் பசியாலும் அங்கே ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் ஆட்டத்தில் அந்தக் குடும்பம் இடைவேளையில் மட்டுமே வருகிறது. களத்தில் இறங்கிவிட்டால் அவர்களைக் காணோம். கண்ணீர் ஒரு பக்கம், கைதட்டல் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்துவிட்டார்கள். ஆட்டக்காரர்களில் சிலர் இதை எடுத்துச் சொன்னார்கள். பாராட்ட வேண்டியவர்கள் அவர்களே. 

என்னைப் பொறுத்தவரை, என் உறக்கத்தைக் கெடுத்தது இவ்வளவு பெரிய விஷயங்கள்கூட அல்ல. ஒரு சிறு வார்த்தை. 

அன்றிரவு இத்தாலியக் களத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது, எங்கள் விடுதிக்கு இவ்வாண்டு வந்து சேர்ந்த தமிழ்த் தம்பி ஒருவன் தன் பொறியாளர் குழுவைச் சாலை வழியே அனுப்பினான். அவர்கள் கையில் கண்ணிவெடி கண்டுபிடிக்கும் கருவி உண்டு. தம்பி அவசரப்பட்டான், கருவி வாங்கித் தருமுன்பே அனுப்பிவிட்டான். ‘டமார்’ என்று ஓர் ஓசை. குழுவே போயிற்று. 

“அடடா! பார்த்து அனுப்பக் கூடாதாடா?” என்றேன். 

“போனால் போகட்டும் அண்ணா. புள்ளி இருக்கிறது, வேறு ஆள் வாங்கிக்கொள்ளலாம்” என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. 

அவன்மேல் குற்றமில்லை. ஆட்டத்தின் விதி அது. நானும் நூறு முறை அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று அந்தச் சொல் என் செவியில் வேறு மாதிரி விழுந்தது. ஏனெனில் என் கொள்ளுத் தாத்தா அந்த வேலையைச் செய்தவர். 

வட ஆர்க்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்தவர் அவர். பாலம் கட்டுவதும், பாதை போடுவதும், பகைவர் புதைத்த கண்ணிவெடிகளைத் தோண்டி எடுப்பதும் அப்படையின் வேலை. 1780இல் தொடங்கும் வரலாறு உடைய படை அது; இன்றும் பெங்களூரில் இருக்கிறது. அதன் வீரர்களைத் ‘தம்பி’ என்றே அழைப்பது வழக்கம். கொள்ளுத் தாத்தாவை நான் பார்த்ததில்லை. என் பாட்டி, அவருடைய மகள், சொல்லியிருக்கிறார். அவர் 1946இல் ஊர் திரும்பினார். இத்தாலியைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசமாட்டாராம். பதக்கக் கதையும் கிடையாது, வீரப் பிரதாபமும் கிடையாது. ஆனால் நடக்கும்போது தலைநிமிர்ந்து நடக்கமாட்டாராம். மண்ணைப் பார்த்தே நடப்பாராம். ஊரார் ‘குனிஞ்ச தலைக்காரர்’ என்று கேலி செய்வார்களாம். பிள்ளைகள் எங்காவது புதிதாக மண் கிளறிய இடத்தில் கால் வைத்துவிட்டால் போதும், ஓடிவந்து தூக்கிக்கொள்வாராம். ஒரு முறை பாட்டி, சிறுமியாக, கடலைக்கொல்லையில் புதிதாய் மூடிய குழியின்மேல் ஏறி நின்றபோது, அவர் முகம் வெளுத்து, கை நடுங்க, பாட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வெகுநேரம் கீழே இறக்கவேயில்லையாம். ‘என்னப்பா?’ என்று கேட்டதற்கு, ‘ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல’ என்றாராம். 

அந்த ‘ஒண்ணுமில்ல’ என்பதன் பொருள் எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. அப்படையைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பின்னரே விளங்கிற்று. 

1944 பிப்ரவரியில் இத்தாலியின் மோன்டே காசினோ மலையைச் சுற்றிக் கடும்போர். மலைமேலிருந்த பழம்பெரும் மடம் பிப்ரவரி 15 அன்று விமானக் குண்டுகளால் தகர்க்கப்பட்டது. இந்திய 4ஆம் டிவிஷன் மலையேறிப் போரிட்டது. மலைக்குத் தெற்கே மிஞ்ஞானோ என்ற ஊர். அங்கே பிப்ரவரி 24 அன்று மெட்ராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் தம் ஆட்களோடு ஒரு பாதையில் கண்ணிவெடி அகற்றிக் கொண்டிருந்தார். அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கீழொட்டிவாக்கம் என்ற ஊரைச் சேர்ந்தவர் அவர். புதைந்திருந்த கண்ணி ஒன்று வெடிக்கப் போவதை உணர்ந்தார். ஓடுவதற்கு ஒரு சில வினாடிகள் இருந்தன. அவர் ஓடவில்லை. உடனிருந்தவர்களைக் காக்கத் தம் உடலையே அதன்மேல் போட்டார். இறந்த பின் அவருக்கு ஜார்ஜ் சிலுவை என்ற உயர்ந்த விருது வழங்கப்பட்டது. 

அவர் காத்தவர்களில் என் கொள்ளுத் தாத்தா இருந்தார் என்று நான் கதை கட்டப்போவதில்லை. ஆனால் அதே வேலை, அதே மண், அதே குனிந்த தலை. அந்த இடத்தில்தான், 80 ஆண்டுகளுக்குப் பின், ‘போனால் போகட்டும், வேறு ஆள் வாங்கிக்கொள்ளலாம்’ என்று நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம். 

இதை நான் அறையில் சொன்னபோது மூன்று மறுப்புகள் எழுந்தன. மூன்றும் கேட்கத் தக்கவை. 

முதல் மறுப்பு தம்பியுடையது. “சதுரங்கத்தில் காலாள் சாகவில்லையா அண்ணா? அதற்காக யாராவது அழுகிறார்களா?” கெட்டிக்காரக் கேள்வி. ஆனால் சதுரங்கத்துக் காலாளுக்கு ஊரில்லை, ஆண்டில்லை. அது எந்தப் போரையும் காட்டுவதாகச் சொல்லிக் கொள்வதில்லை. இந்த ஆட்டமோ ‘இத்தாலி, 1944’ என்று பெயர்ப்பலகை மாட்டி விற்பனைக்கு வருகிறது. டாங்கியின் சங்கிலி உண்மையானது போல் உருள வேண்டும், சீருடையின் பொத்தான் சரியாயிருக்க வேண்டும் என்று ஆட்டக்காரர்களும் அடம் பிடிக்கிறார்கள். பொத்தானில் உண்மை கேட்பவர், பொத்தான் அணிந்தவனிடத்திலும் உண்மை கேட்க வேண்டாமா? 

இரண்டாவது மறுப்பு பஞ்சாபி நண்பருடையது. “இவ்வளவு துயரத்தையும் ஆட்டத்தில் திணித்தால் யார் ஆடுவார்கள்?” ஆடுவார்கள் என்பதே என் பதில். போலந்து நாட்டு நிறுவனமொன்று 2014இல் ‘திஸ் வார் ஆஃப் மைன்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அதில் நாம் நடத்துவது முற்றுகையிடப்பட்ட நகரத்தில் சோற்றுக்கும் மருந்துக்கும் அலையும் குடிமக்களை. அதில் ஒருவர் இறந்தால் இறந்ததுதான். மற்றவர்கள் சோர்ந்து போவர். உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் அதை ஆடினார்கள். பள்ளி மாணவர்க்கான வாசிப்புப் பட்டியலில் அதைச் சேர்ப்பதாக 2020இல் போலந்து அரசு அறிவித்தது. ஆகவே துயரம் விற்காது என்பது உண்மையன்று. 

மூன்றாவது மறுப்புத்தான் கடினமானது. அது வங்காளி நண்பருடையது. அதுவரை பேசாதிருந்தவர் அமைதியாகச் சொன்னார்: “உன் கொள்ளுத் தாத்தா யாருக்காகக் கண்ணிவெடி எடுத்தார்? நம்மை அடிமை கொண்டிருந்தவனுக்காக. அவர் இத்தாலிக்குப் போன ஆண்டில் என் கொள்ளுப் பாட்டியின் கிராமம் பஞ்சத்தில் அழிந்தது. உன் ஆட்டத்தில் அதற்கு ஏதாவது புள்ளி உண்டா?”

அறையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. 1943 வங்கப் பஞ்சத்தில் மாண்டவர்கள் சுமார் 30 லட்சம் என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு. போர்க்கால அரசின் முடிவுகள் அப்பஞ்சத்தைக் கொடிதாக்கியவற்றுள் முக்கியமானவை. அந்தப் போரில் 25 லட்சம் இந்தியர் படையில் சேர்ந்திருந்ததும் உண்மை. அந்நாட்டுக்குச் சொந்த அரசு இல்லாதிருந்ததும் உண்மை. பலர் வறுமையால் சேர்ந்தவர்கள். என் கொள்ளுத் தாத்தாவும் பேரரசுப் பக்தியால் போகவில்லை. இரண்டு போகம் பொய்த்துப் போய்க் கடன்காரன் வாசலில் நின்றதால் போனார் என்று பாட்டி சொல்வார். நண்பருக்கு நான் சொன்ன பதில் ஒன்றே: “உன் கொள்ளுப் பாட்டியும் என் கொள்ளுத் தாத்தாவும் ஒரே கதையில் இருப்பவர்கள். ஒருவரை விட்டு மற்றவரைச் சொன்னால் அதுவும் அளவு தவறிய கதைதான்.” அவர் தலையசைத்தார். இசைவாகவா, இரக்கத்தாலா என்பதை அவர்தாம் சொல்ல வேண்டும். 

இனி, நான் சொல்ல வந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 

இத்தகைய ஆட்டங்களைத் தடை செய்யச் சொல்லவில்லை. ஆடாதீர்கள் என்றும் உபதேசம் செய்யவில்லை. உபதேசிக்க எனக்கு யோக்கியதை ஏது? வருகிற சனிக்கிழமையும் நான் ஆடத்தான் போகிறேன். ஆனால் ஆடிய பின் நாம் சொல்லும் கருத்து, டாங்கியின் வலுவோடும் ஓசையின் நயத்தோடும் நின்றுவிடலாகாது. இதில் யார் எண்ணப்பட்டிருக்கிறார்? யார் விடப்பட்டிருக்கிறார்? காட்டியது உண்மையென்றால், உண்மையின் அளவில் காட்டியிருக்கிறார்களா? இம்மூன்று கேள்விகளையும் நம் கருத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரஷ்யர் தம்மைப் பற்றி மட்டுமே கேட்டனர். நாம் நம்மைப் பற்றியும் கேட்போம். லிபிய யூதரைப் பற்றியும் கேட்போம். சுடப்பட்ட ரஷ்ய வீரனைப் பற்றியும் கேட்போம். ஆட்டக்காரர் கூவியதால் கடையையும் வெளிச்சத்தையும் மாற்றும் நிறுவனங்கள், ஆட்டக்காரர் கேட்டால் இதையும் எண்ணிப் பார்க்கக்கூடும். கேட்காத ஒன்றை எவரும் தரப்போவதில்லை. 

கேட்பதற்கு முன் நமக்கே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதுதான் நம்மிடம் உள்ள பெருங்குறை. சுபேதார் சுப்பிரமணியனின் பெயரை எங்கள் அறையிலிருந்த ஐவரில் நால்வர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டனர். அவர்களில் இருவர் தமிழர். நமக்கே தெரியாத பெயரை வான்கூவரில் இருப்பவர் எப்படி அறிவார்? 

ஆகையால் நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அரையாண்டு விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போகிறோம். நம் உறுப்பினர்கள் தத்தம் வீட்டிலும் தெருவிலும் ஒரு கேள்வி கேட்டு வரட்டும்: ‘நம் குடும்பத்திலிருந்து அந்தப் போருக்கு யாராவது போனார்களா?’ பர்மாவுக்கோ, மலாயாவுக்கோ, இத்தாலிக்கோ போனவர், திரும்பியவர், திரும்பாதவர், ஏன் போனார், எப்படித் திரும்பினார் என்று நாலு வரி எழுதி வந்தால் போதும். பழைய சம்பளப் புத்தகமோ, மங்கிய புகைப்படமோ கிடைத்தால் இன்னும் நல்லது. சங்கத்தின் அடுத்த இதழில் அவற்றைத் தொகுத்து வெளியிடலாம். இந்தப் பல்கலைக்கழகத்திலேயே பஞ்சாபியரும் வங்காளிகளும் கூர்க்காக்களும் இருக்கிறார்கள், அவர்களையும் கேட்கலாம். கேட்கத் தாமதித்தால் சொல்வதற்குப் பாட்டிமார் இருக்கமாட்டார்கள். 

முடிக்குமுன் ஒரு செய்தி. நேற்று மாலை தம்பி மறுபடியும் அதே களத்தில் ஆடிக்கொண்டிருந்தான். நான் பின்னால் போய் நின்றதை அவன் கவனிக்கவில்லை. பொறியாளர் குழுவுக்குக் கருவி வாங்கிக் கொடுத்தான். சாலையில் அடி அடியாக நகர்த்தினான். கண்ணி ஒன்றைக் கண்டு எடுத்தார்கள். அதற்குள் பகைவர் மேற்கே இரண்டு இடங்களைப் பிடித்துவிட்டனர். ஆட்டத்தில் தம்பி தோற்றான். 

“தோற்றுவிட்டாயே?” என்றேன். 

“பரவாயில்லை அண்ணா, ஆட்கள் நாலு பேரும் இருக்கிறார்கள்” என்றான்.